கரிசலைச் சுற்றிக் காட்டிய தங்கமாரி

எப்போதும்வென்றானிலிருந்து கிழக்கே பிரியும் ரோட்டில் போனால் நடுவக்குளம் வரும். அந்த ஊரில் களையெடுக்க ஆள் கூப்பிட்டால் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி, "தங்கமாரி மதினி வாராகளா?" என்பதுதான். வருவதாகச் சொல்லிவிட்டால் போதும், காலையில் காட்டில் அவளுக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்க ஒரு தள்ளுமுள்ளே நடக்கும். காரணம், தங்கமாரியின் வாய். குனிந்த தலை நிமிராமல் கை பாட்டுக்குக் களையைப் பிடுங்கிக்கொண்டிருக்க, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். எந்தப் புஞ்சை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்த வருசம் பருத்தி வெடித்துக் காடே வெள்ளையாகக் கிடந்தது, மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்கிடைக்காரன் எப்படி இந்த ஊருக்கே மாப்பிள்ளை ஆனான் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வந்துகொண்டிருக்கும். நிரை முடிந்து வரப்புக்கு வந்து சேரும்போதுதான் மற்றவர்களுக்கு இடுப்பு வலிப்பதே தெரியும்.

வீட்டில் அந்த வாய்க்கு அவ்வளவு மரியாதை இல்லை. தங்கமாரி குளத்தூர்க்காரி. உப்பளத்துக் காற்றில், இந்தப் பாத்திக்கும் அந்தப் பாத்திக்கும் கத்திப் பேசியே வளர்ந்த தொண்டை. அவளைக் கட்டிக்கொண்ட மாடக்கண்ணுவோ, கடையில் உப்பு வேண்டுமென்றால்கூட விரலால் காட்டி வாங்குகிற ஆள். சாப்பிட உட்கார்ந்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"மனுசனைக் கொஞ்சம் சோறு திங்க விடுட்டி."

இவர்களுக்கு ஒரே மகள், காவியா. கோவில்பட்டியில் நர்சிங் படித்தாள். பிறகு சென்னையில் தங்கி ஜப்பான் மொழி படித்து, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஷிகோக்கு என்கிற தீவு. அதன் நடுவில், மலைக்குள் ஒளித்து வைத்தது மாதிரி ஒரு சின்ன ஊர். போன புதிதில் போனில் அவள் அழாத குறை.

"எம்மா, இங்கன தரையே கெடையாதும்மா. எங்கன பாத்தாலும் மலைதான். வீடெல்லாம் சரிவுல ஒட்ட வச்ச மாதிரி இருக்கு."

ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடுகூட இல்லாத கரிசலில் வாழ்ந்த தங்கமாரிக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு வருசம் கழித்து, ஐப்பசி மாதத்தில் மகளே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அப்பாவையும்தான் கூப்பிட்டாள். மாடக்கண்ணு அசையவில்லை.

"இப்பத்தான் மக்காச்சோளம் ஊணிருக்கு. நான் அங்கிட்டுப் போனா, பன்னி வந்து வெதையக் கெளறித் தின்னுட்டுப் போயிரும். நீ போயிட்டு வா."

தங்கமாரி தனியாகவே விமானம் ஏறினாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமலே அவரிடம் பாதி வழி பேசிக்கொண்டு போனாள். அவரும் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

காவியா வேலை பார்த்த ஊரில் இளவட்டங்கள் குறைவு. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்துவந்தார்கள். நகரங்களிலிருந்து வருகிறவர்களைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போய், தங்கள் வீட்டையும் வயலையும் வேலையையும் காட்டுவார்கள். காவியா தனக்கு விடுமுறையான நாளில் அம்மாவையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள்.

வழிகாட்ட வந்தவர் யோஷிகோ என்கிற அம்மாள். எழுபதை ஒட்டிய வயசு. தலையில் ஓலைத் தொப்பி, கழுத்தில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். நகரத்திலிருந்து வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். பேசவும் ஆரம்பித்தார். நடை நின்றாலும் பேச்சு நிற்கவில்லை. தங்கமாரிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்காமல் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் மகளின் கையைச் சுரண்டினாள்.

"ஏட்டி, இவிய என்னைய மாதிரி ஒரு ஆளு."

"பாசையே தெரியாம எப்பிடிம்மா சொல்லுத?"

"மூச்சு விடுத எடத்தப் பாரு. கதை முடிஞ்ச எடத்துல விடல. பாதியில நிப்பாட்டி விடுதாக. அப்பத்தான் கேக்க ஆளு அங்கன இங்கன போகாது. நான் களையெடுக்கையில அப்பிடித்தான செய்யுதேன்?"

காவியாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவளும் கவனித்தாள். அம்மா சொன்னது சரிதான்.

யோஷிகோ அம்மாள் முதலில் காட்டியது தன்னுடைய வயலை. ஓட்டுக்கூரை மாதிரிச் சரிந்து கிடந்த வயல் அது. அதில் நிற்பதற்கே ஒரு காலை மடக்கி, ஒரு காலை ஊன்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருசமும் மழைக்கு மண் கீழே இறங்கிவிடும், பங்குனி வாக்கில் அதை மண்வெட்டியால் இழுத்து இழுத்து மேலே ஏற்றுவோம் என்று அவர் சொன்னதைக் காவியா மொழிபெயர்த்தபோது தங்கமாரி வாயைப் பிளந்தாள்.

"வருசா வருசமா? மண்ணையேவா?"

மண் ஓடாமல் இருக்க, மலைப்புல்லை அறுத்துக் காயவைத்து வயலில் பரப்புவார்களாம். அந்தப் புல்லைக் கூம்பு கூம்பாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் தங்கமாரிக்கு முகம் மலர்ந்தது.

"படப்பு! காவியா, நம்மூரு படப்புட்டி!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் கவலைப்படவில்லை. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு பழைய வீட்டின் முன்னால் யோஷிகோ அம்மாள் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, கூரை இறவாணத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்களைத் தங்கமாரி பார்த்துவிட்டாள். விரலை மடக்கி வைத்தது போல் பழுப்பு நிறக் கதிர். கேட்காமல் கொள்ளாமல் ஓடிப்போய் ஒன்றைக் கையால் கசக்கி, ஊதி, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"கேப்பைல்லா இது! ஏட்டி, கேப்பை! இந்தா, இது தினை!"

யோஷிகோ அம்மாள் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். காவியா பதறிப்போய், இந்தத் தானியம் எங்கள் பக்கத்திலும் உண்டு, அம்மா சந்தோசத்தில் தொட்டுவிட்டார், மன்னிக்க வேண்டும் என்றாள். அந்த அம்மாளோ வேகமாக வந்து தங்கமாரியின் உள்ளங்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். களி, கூழ், அடை என்று தங்கமாரி விரல் மடக்கினாள். நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்டாள். மாவாக்கி உருண்டை பிடித்து வேகவைப்போம் என்றார் அவர். அதோடு, தான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அந்த உருண்டையை ஒளித்து வைத்துத் தின்றதையும் சொன்னார். பள்ளத்தாக்கில் இருந்து வரும் பிள்ளைகள் அரிசிச்சோறு கொண்டுவருவார்களாம். மலையில் நெல் விளையாதே.

"இப்ப அதையேதான் எல்லாருக்கும் காட்டுதாகளாம்மா. மத்தியானம் நமக்கும் அந்த உருண்டைதானாம்" என்றாள் காவியா.

தங்கமாரி உள்ளங்கையிலிருந்த தானியத்தை ஒன்று விடாமல் முந்தியில் முடிந்துகொண்டாள்.

அடுத்து பக்கத்து வயலுக்குப் போனார்கள். அங்கே சுற்றிலும் கம்பி வேலியும் தகரமும் அடைத்திருந்தது. எதற்கு என்று கேட்டாள். காட்டுப்பன்றிக்கு என்று பதில் வந்ததுதான் தாமதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சண்டாளப் பன்னி, இங்கனயும் வந்துட்டானா!"

பிறகு தன் ஊர்க்கதையை எடுத்துவிட்டாள். மக்காச்சோளக் காட்டைச் சுற்றிக் கம்பு ஊன்றி, வீட்டில் கிடக்கும் பழைய சேலைகளை எல்லாம் இழுத்துக் கட்டுவது. காற்றில் சேலை படபடவென்று அடிக்க, ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி திரும்புவது. ஒரு தடவை சிவப்புச் சேலையைக் கோரைப்பல்லில் மாட்டிக்கொண்டு ஒரு கிடாப்பன்றி கல்யாணப்பெண் மாதிரி ஊருக்குள்ளேயே ஓடிவந்தது. அவள் கையை வீசி, பன்றி மாதிரி உறுமி, சேலை மாதிரி அசைந்து காட்டினாள். காவியா திணறித் திணறி மொழிபெயர்த்தாள். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே கூட்டம் சிரித்தது. யோஷிகோ அம்மாள் மெல்லப் பின்னால் நகர்ந்து, தன் இடத்தைத் தங்கமாரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு ஒருவராக நின்று கேட்டார்.

எல்லாம் முடிந்து, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கேப்பை உருண்டையைத் தின்னும்போது யோஷிகோ அம்மாள் கேட்டதைக் காவியா சொன்னாள்: "உங்க ஊரை யாரு சுத்திக் காட்டுதாங்க?"

"எங்க ஊரையா?" தங்கமாரிக்குப் புரை ஏறியது. "அங்கன காட்டுததுக்கு என்ன இருக்கு? மலை உண்டா, அருவி உண்டா? வெறும் பொட்டக்காடு."

காவியா அதைச் சொன்னதும் யோஷிகோ அம்மாள் டீயை ஒரு மிடறு குடித்தார். நாங்களும் ரொம்ப காலம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், காட்ட என்ன இருக்கிறது, வெறும் சரிவு என்று, என்றார். அப்புறம், நீங்கள் ஆரம்பித்தால் நான் வருவேன் என்றும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய தங்கமாரி பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மாடக்கண்ணுவிடம் விசயத்தைச் சொல்லிவிட்டாள். வெளியூர் ஆட்களை வரவழைத்து நடுவக்குளத்தைச் சுற்றிக் காட்டப் போவதாக. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தார். ஜப்பான் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை. விசயம் டீக்கடைக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை.

"ஏலே மாடக்கண்ணு, காலுல கருவமுள்ளு குத்துததுக்கு டிக்கெட்டு போடுதாகளாமே உங்க வீட்டுல?"

கடையே சிரித்தது. மாடக்கண்ணு வழக்கம்போல டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

காவியா அங்கிருந்தே இன்டர்நெட்டில் படமும் விவரமும் போட்டுவிட்டாள். முதலில் வந்தது சென்னையிலிருந்து ஒரு குடும்பம். அன்றைக்குத் தங்கமாரி பட்டுச்சேலை கட்டினாள். பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள். பன்னீர் தெளித்தாள். ராத்திரி முழுக்க நெட்டுருப் போட்டதை, கைகளைக் கட்டிக்கொண்டு நின்று ஒப்பித்தாள். "எமது ஊர் நடுவக்குளமானது பண்டைய பெருமை வாய்ந்தது..." பிள்ளைகள் இரண்டும் போனை எடுத்துக்கொண்டன. அந்த அம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். கோயிலையும் ஊருணியையும் காட்டியதோடு சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், வெயில் அதிகமாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் கார் போன பிறகு தங்கமாரி அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். வடித்த கம்பஞ்சோறும் கருவாட்டுக்குழம்பும் அப்படியே இருந்தன. மாடக்கண்ணு தானே போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இல்லாத வழக்கமாக, அவராகவே பேச்சை ஆரம்பித்தார்.

"மனுசனைச் சோறு திங்க விடாமப் பேசுவியே, அது எங்க போச்சு இன்னைக்கு? யாரோ மேடையில பேசுத மாதிரில்லா இருந்துச்சு. எனக்கே எந்திரிச்சிப் போயிரலாம்னு தோணுச்சு."

தங்கமாரிக்குச் சுருக்கென்றது. பிறகுதான் அதிலிருந்த இன்னொன்று உறைத்தது. இந்த மனுசன் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடுத்து வந்தவர்கள் கோவில்பட்டியிலிருந்து ஒரு வேனில் வந்த குடும்பங்கள். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் லிங்கராஜ் அண்ணாச்சி தன் வீட்டாரையும் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். இந்தத் தடவை தங்கமாரி காட்டுக்குக் கட்டும் நூல்சேலைதான். தலையில் துண்டு. நாற்காலியும் இல்லை, பன்னீரும் இல்லை. வேனை விட்டு இறங்கியவர்களை நேராக மக்காச்சோளக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். சேலை வேலி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்தா இந்த மஞ்சச்சேலை, பத்திரகாளி மதினியோடது. ஊர்ல மொதமொதல்ல சைக்கிள் ஓட்டுன பொம்பள அவியதான். இதக் கட்டிக்கிட்டுத்தான் ஓட்டுனாக. இந்தக் கிழிசல் சக்கரத்துல மாட்டுனது. அந்தப் பச்சை என்னோடது. காவியா வயித்துல இருக்கையில கட்டுனது. பன்னி அதுக்கு மட்டும் ஏன் பயப்படமாட்டேங்குதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியல, அண்ணாச்சி. அந்த மூலையில தவறாம நுழைஞ்சிரும்."

வேலி நெடுக ஒரு ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சேலையாக அவள் ஆளைச் சொன்னாள், கதையைச் சொன்னாள், பாதியில் நிறுத்தி மூச்சு விட்டாள். அங்கிருந்து களத்துக்கு, களத்திலிருந்து உளுந்தங்காட்டுக்கு, பருத்திக்காட்டுக்கு. லிங்கராஜ் அண்ணாச்சி வந்ததிலிருந்து காதில் வைத்திருந்த போனை எப்போது சட்டைப்பையில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பத்திரகாளி மதினியைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய மருமகள் அடம்பிடித்து, மதினி வீட்டுக்கே போய்விட்டாள். பொழுது சாய்ந்த பிறகுதான் வேன் கிளம்பியது.

அப்புறம் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள், மதுரையிலிருந்து வந்தார்கள். பத்திரகாளி மதினியும் இன்னும் சில பெண்களும் சமையலுக்குச் சேர்ந்துகொண்டார்கள். டீக்கடைச் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஏனென்றால் வந்தவர்கள் டீயும் அங்கேதான் குடித்தார்கள்.

அடுத்த வருசம், தை பிறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, சொன்ன சொல் மாறாமல் யோஷிகோ அம்மாள் வந்துவிட்டார். கூட அவருடைய மலையூர்க்காரர்கள் ஐந்து பேர். எல்லாருமே வயசானவர்கள். காவியா லீவு போட்டுவிட்டுக் கூட்டி வந்திருந்தாள். கோவில்பட்டியில் தங்கவைத்து, காலையில் டிரைவர் முத்துசெல்வத்தின் வேனில் கிளம்புவதாக ஏற்பாடு.

முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை அடித்தது. காலம் தப்பிய மழை. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தார் ரோடு வரைக்கும் வேன் ஒழுங்காக வந்தது. ஊருக்குப் போகும் வண்டிப்பாதையில் இறங்கியதும் சக்கரம் சுற்றியது, வேன் நகரவில்லை. முத்துசெல்வம் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இனிமே ஒரு அடி போகாது. கரிசல் பிடிச்சிட்டுன்னா அம்புட்டுத்தான்."

எதிர்கொண்டு அழைக்க ஊரிலிருந்து நடந்தே வந்திருந்த தங்கமாரி, வேனுக்குள் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற ஷூ போட்ட ஆறு சோடிக் கால்கள். காவியா கலங்கிப்போயிருந்தாள்.

"எம்மா, வேண்டாம்மா. கோவில்பட்டிக்கே திரும்பிருவோம். வயசானவிய, வழுக்கி விழுந்தா என்ன செய்ய? இன்னொரு நாளைக்கு வச்சிக்கிடலாம்."

மகள் சொல்வதில் நியாயம் இருந்தது. திரும்பிப் போகச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அப்போது பாதையில் மாடக்கண்ணு வருவது தெரிந்தது. தோளில் ஒரு கட்டுக் கம்பு. வேலிக்கருவையில் நேராகப் பார்த்து வெட்டி, முள்ளை எல்லாம் சீவி, கையில் பிடிக்கிற இடத்தை மட்டும் பட்டை உரித்து வழுவழுவென்று ஆக்கியிருந்தார். வேன் மாட்டும் என்று மழைச் சத்தம் கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டைக் கீழே போட்டுவிட்டு, வேன் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவ்வளவுதான்.

தங்கமாரி கம்பைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: "ஷூவக் கழட்டச் சொல்லுட்டி."

ஆறு பேரும் வெறுங்காலோடு கரிசலில் இறங்கினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் மண் பாதத்தில் அப்பியது. அதன்மேல் அப்பியது. அதற்கும் மேல் அப்பியது. ஒவ்வொருவரும் காலுக்கடியில் மண் பலகை வைத்துக் கட்டிய மாதிரி வளர்ந்துகொண்டே போனார்கள். உயரம் குறைவான ஒரு தாத்தா, தன் மனைவி தன்னைவிட உயர்ந்துவிட்டதைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊர்வலம் நகர்ந்தது. தங்கமாரி முன்னால் நடந்தாள். அன்றைக்கு அவள் தொண்டை அந்தக் காட்டையே நிறைத்தது.

"இந்த மண்ணு இப்பிடித்தான். பிடிச்சா விடாது. வைகாசியில வந்தா வெடிச்சுக் கெடக்கும், கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும். ஒரு மழை குடிச்சா வாயை மூடிக்கிடும். அப்புறம் மாசக்கணக்குல வயித்துக்குள்ளயே வச்சிருந்து, பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கும். கெணறு கெடையாது, வாய்க்கால் கெடையாது. நாங்க வெளைய வைக்குத அம்புட்டும் இந்தப் பிடிமானத்துல வெளையுததுதான்."

காவியா மொழிபெயர்த்து முடித்ததும் யோஷிகோ அம்மாள் நின்றுவிட்டார். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினார். விரல்களால் பிசைந்தார். விரலை விரித்தார், மண் விழவில்லை. கையைக் கவிழ்த்தார், அப்போதும் விழவில்லை. தன் ஊர்க்காரர்களிடம் காட்டி என்னவோ சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"என்னட்டி சொல்லுதாக?" என்றாள் தங்கமாரி.

காவியா அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க மண்ணு எங்கள விட்டு ஓடிக்கிட்டே இருக்கும், நாங்க வெரட்டிப் பிடிச்சு மேல கொண்டாருவோம். இவங்க மண்ணு ஆளப் பிடிச்சு நிறுத்துதுன்னு சொல்லுதாகம்மா."

தங்கமாரி சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் நடக்கிறாள். அன்றைக்குத்தான் அவளுக்கு நடையில் ஒரு நிமிர்வு வந்தது.

ஊர் எல்லையில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கால் கழுவ ஆளுக்கு ஒரு குடம் ஊற்ற வேண்டியிருந்தது. மத்தியானம் பத்திரகாளி மதினி கம்பஞ்சோறும் கேப்பைக் களியும் போட்டாள். மலையூர்த் தாத்தா களியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். சேலை வேலியைப் பார்த்ததும் யோஷிகோ அம்மாள் பையிலிருந்து ஒரு நீலத் துணியை எடுத்தார். அவர் இளவயதில் வயலில் உடுத்தியதாம், பழசாகி நைந்திருந்தது. இதற்காகவே கொண்டுவந்தேன் என்றார். மாடக்கண்ணு அதை வாங்கி, பன்றி நுழைகிற மூலையில், பச்சைச் சேலைக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டினார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, கையை ஆட்டி ஆட்டி, பன்றி எந்தப் பக்கம் வரும், எப்படிக் காதை விறைக்கும், எதற்கு மிரளும் என்று அந்தத் தாத்தாவுக்குத் தமிழிலேயே விளக்க ஆரம்பித்தார். தாத்தா ஜப்பான் மொழியிலேயே பதில் சொன்னார். காவியா பக்கத்தில் போனாள். அவர்களுக்கு அவள் தேவைப்படவில்லை.

சாயங்காலம் பாதை கொஞ்சம் காய்ந்திருந்தது. மாடக்கண்ணு ஊரிலிருந்து ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து வேனை இழுத்துவிட்டார். ஏறுவதற்கு முன்னால் யோஷிகோ அம்மாள் தங்கமாரியின் முன்னால் வந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நான் எத்தனையோ வருசமாக ஆட்களுக்கு ஊரைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், என்னை யாரும் இப்படிக் கூட்டிப்போய்க் காட்டியதில்லை என்றார். தங்கமாரிக்குக் குனிந்து வணங்கத் தெரியாது. அந்த அம்மாளை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் சேலையிலும் சட்டையிலும் கரிசல் ஒட்டியது.

வேன் போன பிறகு காவியா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "நான் திரும்பிருவோம்னு சொன்னேன். நீ கேக்கலயே."

"உங்க அய்யா கம்போட வந்துட்டாகளே, அப்புறம் எப்பிடித் திரும்ப?" என்றாள் தங்கமாரி.

அந்த நாளைப் பற்றி, தாத்தா எடுத்த படங்களோடு மலையூர்க்காரர்கள் இன்டர்நெட்டில் எழுதிப் போட, அதைப் பார்த்துவிட்டு இப்போது மழைக்காலத்தில் வரவேண்டும் என்றே கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் தங்கமாரி வருத்தப்படுவதில்லை. கம்புகள் வீட்டு மூலையில் தயாராக நிற்கின்றன. வெட்டிச் சீவி வைப்பது மாடக்கண்ணுவின் வேலை. சேலை வேலிப் பக்கம் கூட்டம் வந்தால் பேசுவதும் அவர்தான். அங்கே தங்கமாரி வாயைத் திறக்கக் கூடாது.

போன ஆடியில் அவள் கோவில்பட்டிக்குப் போய் ஒரு தகர போர்டு எழுதச் சொன்னாள். ஊர் பெயரும் போன் நம்பரும் கொடுத்தாள். போர்டு எழுதுகிறவர் தூரிகையை நிறுத்திக் கேட்டார்.

"உங்க பேருக்குக் கீழ என்னன்னு போடட்டும்மா? விவசாயின்னா?"

"விவசாயின்னும் போடுங்க. வழிகாட்டின்னும் போடுங்க. ரெண்டும் ஒரே அளவுல இருக்கட்டும்."

தார் ரோட்டிலிருந்து ஊருக்கு வண்டிப்பாதை பிரியும் இடத்தில், வேப்பமரத்தடியில் அந்த போர்டு நிற்கிறது. அங்கே முன்பு பஸ் நிற்காது, கை காட்டினால்தான் உண்டு. இப்போது நிற்கிறது. எப்போதும்வென்றான் தாண்டியதும் மினிபஸ் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுக் குரல் கொடுப்பார்.

"தங்கமாரி போர்டெல்லாம் எறங்கு!"

பக்கத்து ஊர்க் காட்டில் களையெடுத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறியிருக்கும் தங்கமாரி, நெளியாமல் கொள்ளாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவாள்.